நீர் அள்ள வராத நெல்

சங்கக்கடையில் இன்று காலை புதிய பருப்புச் சாக்கொன்றைப் பிரித்தார்கள். நிவாரணப் பருப்பின் அந்தப் புழுக்க மணம் மூக்கில் ஏறியதும், வரிசையில் எனக்கு முன்னால் நீர் நிற்பதுபோல் இருந்தது.

முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தை இழந்து, இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தவர் நீர். வள்ளமே இல்லாத உம்மை நான் வள்ளச் சொந்தக்காரரைப்போல "சம்மாட்டியார்" என்பேன். வயல் செய்யும் என்னை நீர் "கமக்காரர்" என்பீர். வீச்சுவலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூநகரிக் கடலேரிக்குப் போய்வந்தீர். அதைக் கண்ட கிராம அலுவலர், எங்கள் விதானையார், உமது நிவாரணத்தை நிறுத்தினார்.

"தொழில் செய்யிறவைக்கு நிவாரணம் இல்லை" என்றார்.

"மீன் படாத நாளைக்கு என்ன செய்யிறது, ஐயா?"

"வந்து சொல்லுங்கோ."

"சொன்னால் அண்டைக்குப் பின்னேரமே பருப்புத் தருவியளோ?"

கூட்டம் சிரித்தது. விதானையார் சிரிக்கவில்லை. காற்று மாறி மீன் குறைந்தபோது நிவாரணத்தைத் திரும்பப் பெற நீர் மாதக்கணக்கில் அலைந்தீர். உமது வீட்டில் ஒருநேரச் சமையல்தான். நிவாரணம் கிடைத்த பிறகு வலையை மரத்தில் கொழுவியவர், இறால் காலம் வந்தும் அதை இறக்கவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. நிவாரணம் ஆட்களைச் சோம்பேறியாக்கும் என்று விதானையாருக்கே மனு எழுதியவன் நான். பதில் வராத மனுக்களில் அதுவும் ஒன்று.

"பூநகரியிலை இறால் படுகுதாம். எழும்பும் சம்மாட்டியார்."

"போனால் ஒரு கிழமைக்கு இறால். போகாட்டி வருசம் முழுக்கப் பருப்பு. நீரெண்டால் எதை எடுப்பீர்?"

"சும்மா குடுத்துக் குடுத்து உம்மைக் கெடுத்துப்போட்டாங்கள்."

"குடுத்துக் கெடுக்கேல்லை. பறிப்பம் எண்டு வெருட்டித்தான் கெடுத்தவங்கள்."

கோபத்தில்தான் அதைச் சொன்னேன்: "பருப்பு நிண்டால் என்ரை வீட்டிலை நெல்லு இருக்கு. அடுத்த போகம் வரைக்கும் வந்து அள்ளும். ஏனெண்டு கேக்கமாட்டன்."

"மீன் பட்டாலும் அள்ளலாமோ?"

"பட்டாலும் அள்ளும்."

"வீட்டிலை அவாவைக் கேட்டனீரோ?"

"அவாவை நான் பார்த்துக்கொள்ளுறன். நீர் போவீரோ, இல்லையோ?"

நீர் போகமாட்டீர், இருந்த இடத்திலேயே என் நெல்லையும் தின்பீர், என் கட்சி வென்றுவிடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியவே உமது சைக்கிள் என் வீட்டு வாசல் படலையைத் தாண்டிப் போயிற்று. விதானையார் சொன்னபடியே நிவாரணத்தை வெட்டினார். நீர் பிறகும் போனீர். சில நாள் கூடை நிறைய வந்தது. சில நாள் வெறும் கூடை. வெறும் கூடை நாட்களில் நான் வேண்டுமென்றே படலையில் நிற்பேன்.

"இண்டைக்குத் தண்ணிதான் பட்டது, கமக்காரர்" என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் போவீர்.

என் மனைவி உமக்கென்று சாக்கைக்கூட எடுத்து வைத்திருந்தா. நீர் ஒருநாளும் அள்ள வரவில்லை. அடுத்த போகம் வெட்டுமுன் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோய்விட்டது.

நெல் இருக்கிறது என்ற துணிவில் போனீரா? அல்லது என்னிடம் கையேந்தக் கூடாது என்ற ரோசத்தில் போனீரா? முதலாவது என்றால், பறிபோகும் பயம்தான் ஆளைக் கெடுக்கும் என்ற உமது கட்சி சரி. இரண்டாவது என்றால் என்னுடையதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படலையில் மறித்துக் கேட்டிருந்தாலும் பகிடி விட்டுப் போயிருப்பீர்.

இப்போதும் போகம் வெட்டியதும் ஒரு மூட்டையைத் தனியே வைக்கிறேன். தொழிலுக்குப் போனால் நிவாரணம் போய்விடும் என்று வலையைக் கொழுவி வைத்திருக்கும் இன்னொருவரிடமும் அதே வார்த்தையைச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஒரே ஒருவரை வைத்து நான் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போவதில்லை, சம்மாட்டியார்.