உப்புக்காரியைக் கரையில் நிறுத்திவிட்டுப் போன அக்காவுக்கு

என் உயிரான அஞ்சலை அக்காவுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும், கோவிச்சுக்காதே. சுண்ணாம்புக்கல் லாரியில் கல் ஏற்றிப் பழகிய கை இது. பேனாவில் கனமே இல்லை, பிடியில் நிற்காமல் ஓடுகிறது. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. உனக்குத்தான் எழுத்தே தெரியாதே, கோணலாக இருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன என்று ஒரு தைரியம்.

ஆமாம் அக்கா, நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாளே நம் தெரு செல்வி, அவள்தான் சாயங்காலத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். இப்போதெல்லாம் எந்த பஸ் என்று யாரையும் கேட்பதில்லை. தூரத்தில் வரும்போதே "ஜெயங்கொண்டம்!" என்று சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள், "எங்களுக்கும் தெரியுதுய்யா" என்கிறார்கள். தெரியட்டுமே. முறுக்கு கட்டிவந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு சேர்த்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுகிறேன்.

சந்தோஷமான சேதி அவ்வளவுதான். மீதி எல்லாம் கசப்பு. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கல் ஏற்ற முடியாமல் போனபின், நீ முந்திரிக்கொட்டை உடைத்த கொட்டகைக்கே கொட்டை காயவைக்கும் வேலைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வறுத்த கொட்டையை உடைக்கும்போது வடிகிற எண்ணெய் பட்டு எல்லோருக்கும் விரலில் தோல் உரிந்திருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு நீ கதை சொல்வாய். எரிச்சல் மறந்து எல்லோர் கையும் ஓடும். யாராவது ஊர்க்கதை பேசினால் சத்தம் போடுகிற முதலாளி, நீ கதை சொன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். உன் கதையால் அவருக்கு எத்தனை மூட்டை உடைபட்டதோ, யார் கண்டார்கள்?

உனக்கு ஒரே சட்டம். கேட்கிறவர்கள் 'ம்' கொட்டவேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுவிடும். "ஏண்டி, கதை கேக்குறீங்களா, எழவு வூட்டுல குந்தியிருக்கீங்களா?" என்பாய். உடனே கொட்டகை முழுக்க ம் கேட்கும். அதில் என் ம்தான் பெரிசு.

கடைசியாக நீ எடுத்தது உப்புக்காரி கதை. தலையில் உப்பு மூட்டையோடு ஒருத்தி கொள்ளிடக் கரைக்கு வருகிறாள். அக்கரையில் திருமழபாடி. அங்கே போய் விற்றால்தான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு. ஆற்றில் வெள்ளம். ஓடக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "ஒரு எடந்தான் இருக்கு. நீ ஏறு, இல்ல மூட்டை ஏறட்டும். ரெண்டும் ஏற முடியாது."

அதோடு நிறுத்தினாய். "மிச்சம் நாளைக்கி" என்று மடிச் சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்தாய். மறுநாள் காலையில் வாய் கோணி, பேச்சுப் போய்விட்டது. அப்புறம் நீ பேசவே இல்லை. உன் சாவுக்கு வந்த கொட்டகைப் பெண்கள் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம்தான் வந்தார்கள். "ஏண்ணே, அவ ஏறினாளா, மூட்டை ஏறிச்சா? ஒங்ககிட்டயாவது சொல்லிச்சா?"

என்னிடம் நீ என்ன சொன்னாய்?

நாலு மாசத்துக்கு முன்னால் செல்வி ஒரு சேதி கொண்டுவந்தாள். "தாத்தா, புதுசா எழுதப் படிச்சவங்க எழுதுனதச் சேத்து பெரம்பலூர்ல ஒரு சார் புஸ்தகம் போடுறாராம். நீங்களும் எழுதுங்க."

"எத எழுதறது?"

"உங்க மனசுல ரொம்ப நாளா எது கெடக்கோ, அத."

உப்புக்காரியைத் தவிர வேறென்ன கிடக்கிறது? எழுத உட்கார்ந்தேன். வாயில் ஓடுகிற கதை கையில் நொண்டுகிறது அக்கா. 'ஆற்றில் வெள்ளம்' என்று எழுதி முடிப்பதற்குள் வெள்ளமே வடிந்துவிடும் போலிருந்தது. நீயானால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாய், அதுதான் ஆற்றின் அகலம். காகிதத்தில் கையை எப்படி விரிப்பது? 'ரொம்ப அகலம்' என்று எழுதிப் பார்த்தேன். அகலமாகத் தெரியவில்லை. அதை அடித்துவிட்டு, 'அக்கரையில் மேய்ந்த மாடு ஆட்டுக்குட்டி மாதிரித் தெரிந்தது' என்று எழுதினேன். அப்போது ஆறு தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. உனக்கும் இப்படித்தான் இருக்குமா, ஒவ்வொரு நாளும்?

இன்னொன்றும் செய்தேன். நீ மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் 'ம்' என்று எழுதினேன். காகிதத்தில் ம் கொட்ட ஆள் ஏது? நீ நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன்.

செல்வி அதைத் தபாலில் அனுப்பிவைத்தாள். நேரில் வரச்சொன்னார்கள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போனேன். அந்த சார் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். டீ வந்தது. என் தாளில் சிவப்பு மை ஓடியிருந்தது.

"அய்யா, ஊடால ஊடால இது என்ன ம், ம்னு?"

"கேக்கறவங்க சொல்றதுங்க சார்."

"படிக்கறவங்க எதுக்கு ம் சொல்லணும்?"

"சொல்லலன்னா கதை நின்னுருமுங்க."

சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "கதைக்கு முடிவே இல்லியேன்னு நானே முடிச்சிட்டேன்" என்று அவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். கரையில் 'வெள்ள அபாயம், ஓடத்தில் ஏறாதீர்' என்று ஒரு பலகை இருந்ததாம். உப்புக்காரிக்குப் படிக்கத் தெரியாதாம். ஏறினாளாம். ஓடம் கவிழ்ந்து செத்தாளாம். அன்றைக்கே எழுத்துப் படித்திருந்தால் பிழைத்திருப்பாளாம்.

"அந்தக் கரையில பலகை ஏதுங்க சார்?"

"இருந்துச்சுன்னு வெச்சுக்கறதுதான்."

"வெள்ளத்தக் கண்ணால பாத்தா அவளுக்குத் தெரியாதுங்களா? பலகை சொல்லித்தான் தெரியணுமா?"

"அய்யா, இந்தப் புஸ்தகமே எழுத்தறிவுக்காகத்தான் போடுறோம். ஒரு கருத்து வேணும்."

"கருத்து வேணும்னா தனியாப் போட்டுக்குங்க சார். அதுக்காக அவள ஆத்துல தள்ளாதீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "இப்படியே போட்டா ஒங்க பேரு அச்சுல வரும். வேணாம்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அச்சில் என் பேரைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா அக்கா? பொழுது விடிந்தால் காகிதத்தில் என் பேரை எழுதிப் பார்க்கிறவன் நான். தாளை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் செல்வி சொன்னாள்: "ஒரு பலகைதானே தாத்தா, இருந்துட்டுப் போவட்டுமே." அந்த சார் சொன்னதைவிட இது அதிகம் சுட்டது. அவள்மேல் கோபம் இல்லை. நம்ம வகுப்பிலிருந்து ஒரு பேராவது வரும் என்று ஆசையாக இருந்தாள்.

புத்தகம் வந்துவிட்டது. என் கதை இல்லாத புத்தகம். எழுத்துக்கூட்டி முழுசும் படித்தேன். எல்லோருமே இருட்டில் கிடந்து வெளிச்சத்துக்கு வந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரியா எழுதியிருப்பார்கள்? எத்தனை பேர் கரையில் அந்த சார் பலகை நட்டாரோ? நாங்கள் அவ்வளவு இருட்டிலா இருந்தோம்? கொட்டகையையே ம் கொட்டவைத்த நீ இருட்டிலா இருந்தாய்?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். நீ முடித்துவிட்டுப் போயிருந்தால் அவர் பலகை நட இடம் இருந்திருக்குமா? எங்களை மறுநாளும் ஏங்கவைக்க வேண்டும் என்று அப்படி என்ன பிடிவாதம்? நானும் முடித்துப் பார்த்தேன். அவளை ஏற்றினேன், மூட்டையை ஏற்றினேன், ஓடக்காரனைத் திட்டவைத்தேன். எதுவும் உன் வாயிலிருந்து வந்த மாதிரி இல்லை. எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

போன வாரம் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முந்திரி மூட்டையோடு ஒரு பெண் ஏறினாள். உட்கார இடம் இல்லை. கண்டக்டர் கத்தினார்: "ஏம்மா, மூட்டைக்கும் டிக்கெட் எடு. இல்லன்னா எறங்கு."

அவள் அசரவில்லை. "எடுக்கறேன்யா. டிக்கெட் வாங்குனதுக்கு அதுக்கு ஒரு சீட்டக் காட்டு. அது குந்தட்டும், நா நின்னுகிட்டு வரேன். சன்னலோரமாக் குடு, அதுக்கு வாந்தி வரும்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என்னை அறியாமல் வாயிலிருந்து "ம்" என்று வந்தது. பக்கத்தில் இருந்தவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். கரையில் நிற்கிற உப்புக்காரி வாயைத் திறந்துவிட்டாள் அக்கா. இத்தனை நாளும் அவள் என்ன செய்தாள் என்றே தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்ன பேசினாள் என்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். ஓடக்காரனுக்கு அவள் சொன்ன பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவள் சொன்னது இல்லை அது. நீ சொல்லிவைத்ததும் இல்லை. நான் எழுதியது. பலகை இல்லை, யாரும் சாகவில்லை. கொட்டகையில் போய் அந்தப் பெண்களுக்குத்தான் முதலில் படித்துக் காட்டப்போகிறேன். ம் கொட்டினால்தான் படிப்பேன்.

உனக்கு இன்றைக்குச் சொல்லமாட்டேன். எங்களைப் பாதியில் விட்டுப் போனாயே, அந்த எரிச்சல் கொஞ்சம் உனக்கும் தெரியட்டும். அடுத்த வாரம் இதே கிழமை, இதே கோணல் எழுத்தில், அவள் சொன்னதை உனக்கு எழுதுவேன். சத்தியம். அதுவரைக்கும் அவளோடு நீயும் கரையில் நில்.

இப்படிக்கு,
உன் கதைக்குப் பெரிசாக ம் கொட்டிய தம்பி,
கோவிந்து