கை இல்லாத மண்சுவர்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் போவதும் வருவதுமாக. சென்னை கேம் கம்பெனியிலிருந்து தேர்வு வேலை வந்துவிட்டது. ஒரு மண்சுவர் டெக்ஸ்சர், அதாவது சுவரின் மேல்தோல் படம். போட்டோ கூடாது, கம்ப்யூட்டர் பிரஷ்ஷால் வரைய வேண்டும். ஒரு சதுரம் போதும். அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, விளையாட்டில் ஊர் முழுக்கச் சுவர் எழுப்பிவிடுவார்களாம். ஒட்டு தெரியக் கூடாது. திங்கள் கடைசி நாள்.

தேறினால் வீட்டிலிருந்தே வேலை. எனக்கு இது வேண்டும். அவ்வளவுதான்.

மண்சுவருக்கு அலைய வேண்டாம். அண்ணனின் பேனர் கடை ஜன்னலைத் திறந்தால் பின்புறம் ஒன்று. அடுத்த வீட்டு சரசு அக்கா வறட்டி தட்டுவது அதில்தான். அவர் பக்கம் வெயில் விழாது என்று எங்கள் பக்கம் வந்து தட்டுவார். சுவர் முழுக்க அவர் விரல்கள்.

அண்ணன்: "இதுவும் கெடைக்கலன்னா கம்முனு கடையிலயே குந்து. போன தபா மாரி அயுதுக்கினு கெடக்காத."

கடையில்தானே குந்தியிருக்கிறேன். காதுகுத்து பேனரில் தாய்மாமன்களை வெள்ளையாக்கிக்கொண்டு.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

முதல் சதுரம் முடிந்தது. அடிநிறம், மேலே சொரசொரப்பு, வைக்கோல் துணுக்கு, விரிசல். நடுவில் ஒரு வறட்டித் தடம், ஐந்து விரலோடு. எனக்குப் பிடித்ததே அதுதான். ஓரங்களை நடுவுக்குத் தள்ளி ஒட்டை அழித்தேன். பிறகு பரப்பிப் பார்த்தேன்.

அய்யோ. திரை முழுக்க ஒரே கை. ஒட்டு தெரியவில்லை, கை தெரிகிறது.

பிரிண்டிங் மிஷின் பார்க்கும் செல்வம் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, செவுத்துக்கு அம்மை போட்ட மாரி கீது?"

கையைத் திருப்பினேன். சின்னதாக்கினேன். நிறத்தை மங்க வைத்தேன். இப்போது மங்கலான அம்மை.

நவம்பர் 13, வியாழன்

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு பெண், தன்மையாகத்தான் பேசினாள். "கண்ணு போய் நிக்கிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுங்க."

புரியவில்லை. பேனரில் கண் போய் நிற்காவிட்டால் அது பேனரே இல்லை. பெரிய மாமன் படத்தைவிடச் சின்ன மாமன் படம் துளி பெரிதானால் கடை வாசலில் சண்டை. இத்தனை வருடம் கண்ணை இழுக்கத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது இழுக்காதே என்றால்?

கையை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி. விரிசலையும் குறைத்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. சப்பாத்தி மாவு மாதிரி இருக்கிறது. இதற்கா ஒருத்திக்குச் சம்பளம் தருவார்கள்?

பால் வாங்க மறந்துவிட்டேன். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

ராத்திரி மழையில் பின்சுவர் நடுவில் சரிந்துவிட்டது. ஆள் நுழையும் ஓட்டை. சரசு அக்கா ஊரில் இல்லை. பழையசீவரத்தில் மகள் வீடு.

அண்ணன் ஜும்மாவுக்குப் போன நேரம் அடுத்த ரகளை. கை இல்லாத சுவரைப் பரப்பி, பிரிண்டுக்குப் போகும் ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறேன், என் புத்தி. செல்வம் வளைகாப்பு பேனரோடு அதையும் பத்தடிக்கு அச்சடித்துவிட்டான்.

அண்ணன் வந்து கத்தித் தீர்த்தார். "ஒரு மூஞ்சி இல்ல, ஒரு எயுத்து இல்ல, இத்தப் போய் அடிச்சி வெச்சிக்கீறியேடா!"

"ஃபோல்டர்ல இருந்திச்சி பாய், நான் இன்னா பண்றது?"

பேஜார் தாங்காமல் கடைசியில் அவரே: "சரி வுடு. அந்த ஓட்டைக்குக் கட்டு. நாயாவது பூராம இருக்கும்."

செல்வம் விறைப்பாக இழுத்துக் கட்டினான். நான் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். ஜன்னலைத் திறக்கவில்லை. என் அசட்டுத்தனம் பத்தடிக்கு நிற்பதை வேறு பார்க்க வேண்டுமா?

இரண்டு ஃபைலையும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கை உள்ளதில் உயிர் இருக்கிறது, அம்மையும் இருக்கிறது. கை இல்லாததில் அம்மை இல்லை. வேறு என்ன இருக்கிறது?

அண்ணி: "கை கீறதுதான் அயகா கீது."

செல்வம்: "ரெண்டும் ஒண்ணாதாங்கா கீது."

நல்ல ஆறுதல். தலைவலி. பயமாகவும் இருக்கிறது. தேறவில்லை என்றால் மாமன்கள்தான், கடைசி வரை.

நவம்பர் 16, ஞாயிறு

டீ கொதிக்கும்போது கடைக்குப் பின்னாலிருந்து சத்தம். சரசு அக்கா குரல்.

"அடச்சீ! இன்னாது இது, செவுரு உள்ள வாங்குது!"

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். சாணிக் கூடையோடு அக்கா. நேற்று சாயங்காலம்தான் ஊரிலிருந்து வந்தாராம். சுவர் விழுந்ததை வீட்டுக்காரர் சொல்லவே இல்லை. எப்போதும் போல வந்து, எப்போதும் போல ஓங்கித் தட்டியிருக்கிறார். என் ஃபிளெக்ஸ் மேல். சாணி வழுக்கிக்கொண்டு வந்து இரண்டு காலிலும்.

"உங்கண்ணன் செவுத்த இன்னாம்மா பண்ணாரு?"

ஜன்னல் வழியே எட்டிக் கேட்டேன். "அக்கா, கண்ணாடி போடலையா?"

"மூக்கு மேலதான கீது, பாரு!"

பார்த்தேன். கண்ணாடி இருந்தது. அவருக்குப் பின்னால் சுவர் இருந்தது. எது மண், எது ஃபிளெக்ஸ் என்று ஒரு நிமிடம் நானே தேடினேன். இப்போது அவர் தட்டி வழுக்கிய ஐந்து விரல் தடத்தை வைத்துத்தான் ஃபிளெக்ஸைக் கண்டுபிடித்தேன்.

சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. அக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

கை இல்லாத ஃபைலை அனுப்பிவிட்டு, அவர் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.