புழு விழாத புளி

10.6.1981

செவந்தி அம்மாவுக்கு,

வாத்தியார் இதை வாசித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காதே. புளி டிரம்மைத் தூக்கி வீட்டுக்கு வெளியே வை. புளியோடு வை. யாருக்கும் கொடுக்காதே. மாட்டுக்கும் வைக்காதே, ஓடையிலும் கொட்டாதே.

ஒரு வருஷப் புளி, உனக்குக் கோபம் வரும். தோல் கம்பெனியில் கழித்துப் போட்ட டிரம்மைக் கழுவி ஜீப்பில் ஏற்றி அனுப்பியவன் நான்தான். மழைக்காலம் போயும் புழு விழவில்லை என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். நானும் இங்கே பெருமையடித்தேன். கூட வேலை செய்யும் துரைக்கண்ணு பதறிவிட்டான்.

"அத்தயா வூட்டுக்கு அனுப்ன? தோலுக்குப் போடற மருந்து வந்த டிரம்முய்யா அது! புழுவே கிட்ட வர்லன்னா இன்னா அர்த்தம்?"

நம் மகள் செவந்தி கையில் புண் என்று வாத்தியாரை எழுதச் சொல்லியிருந்தாயே. டிரம்மில் கைவிட்டுப் புளி எடுப்பது அவள்தானே? புண் குழி விழுந்த மாதிரி இருக்கிறதா? மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. திருப்பத்தூருக்கு அழைத்து வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். திங்கட்கிழமை காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அன்று வராவிட்டால் மறுநாளும் நிற்பேன்.

என் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நேரில் பார்த்துக்கொள். மூக்கில் ரத்தம் வருவது நின்றுவிட்டது.

நீ கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை நேற்று அறுத்தோம். தெருமுனை வரைக்கும் வாசனை அடிக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரன்