விட்டுப்போன ஒற்று

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? பொது சுகாதார முதுகலைப் பாடத்திட்டத்தை ஒருவழியாகப் புதுப்பித்துவிட்டோம். குழுத் தலைவன் என்ற பெயரில் எட்டு மாதம் என் உயிரை வாங்கிவிட்டார்கள். நகல் இத்துடன். நம் துறையில் உன் கண்ணுக்குத் தப்பும் பிழை கிடையாது. எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும்.

உன் தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, என் பாடத்தைத்தான் காணோம். பத்தொன்பது வருடமாக நான் நடத்தும் 'வீட்டு வாசல்' பாடம் போய், அந்த இடத்தில் கைபேசிக் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. 'எழுத்துப் பிழை மட்டும்' என்று நீ எழுதியது இப்போதுதான் உறைத்தது.

அந்தப் பாடம் எப்படிப் பிறந்தது என்று உனக்குமா சொல்ல வேண்டும்? மாணவனாக என்னோடு காலரா கணக்கெடுக்க வந்தாய். பதினேழாம் எண் வீட்டில், வாசலில் நின்றபடியே, "யாருக்காச்சும் வயித்தால போகுதா?" என்றாய். அந்த அம்மா கூச்சப்பட்டு, "இல்லப்பா" என்றாள். குறித்துக்கொண்டு நடையைக் கட்டினாய். குழந்தை உள்ளே படுத்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

அறிக்கையில் உன் பெயரை நான் எழுதவில்லை. பாடம்தான் எழுதினேன். அதன் முதல் வரி: 'உட்கார்ந்து கேள்.'

அதைத் திரும்பச் சேர்த்துவிடு. எனக்காக இல்லை.

அக்கா

மார்ச் 7

அக்கா,

பழசை ஏன் கிளறுகிறாய்? "உக்கார்றதுக்கு ஒரு பாடமா?" என்று குழுவே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. நன்றியுரையில் உன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார்த்திருப்பாய். நாளை அச்சுக்குப் போகிறது. நகலை உடனே அனுப்பு.

தம்பி

மார்ச் 8

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

திருத்திய நகல் இத்துடன். மொத்தம் பதினொரு பிழைகள். அட்டையிலேயே 'பொது சுகாதாரம்' என்றிருந்தது. 'ச்' விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். நன்றியுரையில் என்னைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன்.

கைபேசிக் கணக்கெடுப்பின் முதல் கேள்வி: 'வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா? ஆம் / இல்லை.' அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அன்று நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
பிழை திருத்துபவர்