அம்மாவுக்குத் தெரியாத பேய்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துவிடுவாய். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? போனில் பேசாமல் காகிதம் எடுத்ததற்குக் காரணம் உன் அம்மாதான். ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது?

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வழக்கம்போல நம் கஞ்சக் கிழவர் படத்தைப் போட்டேன், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைதான். கிழவர் தன் குமாஸ்தாவைக் குளிரில் நடுங்கவிடும்போது உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும், நான் எழுந்துபோய் நம் மலைக் குளிருக்கு ஹீட்டரைக் கூட்டிவைக்கவேண்டும், அதுதானே வருஷா வருஷம் நடப்பது. இந்த முறை அவள் திரும்பவே இல்லை. நானோ தப்பித்தோம் என்று பிஸ்கட் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பிறகு கிழவரின் செத்துப்போன கூட்டாளி பேயாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மூடிய கதவு வழியாகவே வருவானே, பின்னால் இருக்கிற சுவர்கூடத் தெரியும்படி கண்ணாடி மாதிரி, சின்ன வயதில் நீ என் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வாயே, அந்த இடம். உன் அம்மா, "சத்தம் மட்டும் வருது, ஆளையே காணோமே?" என்றாள். நான் பெரிய புத்திசாலி அல்லவா, "பேய்னா அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தேன். "அப்ப கிழவர் யார்கிட்ட பேசிட்டு இருக்கார்?" என்று கேட்டாளே, அதோடு என் சிரிப்பு நின்றது.

மறுநாள் டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, "படம் பளிச்சுன்னுதாம்மா இருக்கு" என்றார். "உனக்குத் தொழில் தெரியலப்பா" என்று அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை வரவழைத்தாள், அவரும் அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்துவிட்டேனாம். கண் டாக்டரிடம் போகலாம் என்று வாயைத் திறந்தால், "எனக்கா கண்ணு சரியில்ல? உங்க காலர் அழுக்கு இங்கேருந்தே தெரியுது" என்கிறாள். அது அழுக்கு இல்லை, புதுச் சட்டையில் போட்டிருக்கும் கோடு. போன வாரம் அடுப்பு எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள். பிடித்து இழுத்தேன், அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை குட்டிமா. நான் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் அவள் போன் பண்ணி எடுத்துவிடுகிறாள். அங்கே இருக்கிற பெண் என் குரலைக் கேட்டதுமே, "பேரைப் போடணுமா, எடுக்கணுமா சார்?" என்கிறாள்.

அடுத்த மாதத்து முதல் வியாழக்கிழமைக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். நீ அதட்டினால் போவாள். நான் அதட்டினால் அதுவும் அவளுக்கு டி.வி. சத்தம்தான். லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் போனிலாவது பிடிவாதம் பிடி, அது உனக்கு அவளிடமிருந்து வந்ததுதானே, அவளிடமே காட்டு. அப்பா எழுதினார் என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்குச் சாப்பாடு கிடைக்காது. புது டி.வி. எது வாங்கலாம் என்று உன்னைக் கேட்டு எழுதுவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதேதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

அம்மா தானும் கையெழுத்துப் போடுவேன் என்று இப்போதுதான் பேனாவை வாங்கினாள். மேசைமேல் விரித்திருக்கிற வெள்ளைத் துணியில், காகிதத்துக்கு ஒரு விரல் தள்ளி, தன் பெயரை நிதானமாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டு, "போட்டாச்சு, ஒட்டுங்க" என்றாள். ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா