வளர்க்கிற ஆள் மாறக் கூடாது

மிஹ்வாவின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? நம் ஊரில் பனி விழத் தொடங்கியிருக்கும். சியோலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மிஹ்வா சட்டைக் கையைக் கடித்துத் தின்கிறாள், பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் தோயுனின் அம்மா குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். நான் வைத்த சோயாக் குழம்பை ருசித்தபடியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உறவில்லாவிட்டாலும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்.

"சித்தி, இதுக்கு மாத்திரை கிடையாது. வளர்க்கிற ஆள் மாறக் கூடாது, அவ்வளவுதான். நீங்க பக்கத்துல இருந்தா தானா நின்னுடும்."

அப்படியானால் புத்தாண்டோடு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சித்தி, இப்படிச் சொல்றீங்க? தோயுன் இன்னும் பள்ளிக்கூடமே சேரலை. இந்த வயசுல வளர்க்கிற ஆள் மாறினா அவன் என்ன ஆவான்?"

சம்பளத்தையும் கூட்டுவதாகச் சொன்னார். நீங்கள் எழுப்பத் தொடங்கிய மாடியை நினைத்துத் தலையாட்டிவிட்டேன். கவலை வேண்டாம், மாடி முடிந்துவிடும்.

மிஹ்வாவை அடிக்காதீர்கள். மிளகாய்ப்பொடி அனுப்பும்போது அவள் கடித்த சட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். துவைக்க வேண்டாம்.

தோயுன் தூங்கி எழுந்து கூப்பிடுகிறான். உடனே போகாவிட்டால் பாவம், அவனும் சட்டையைக் கடிக்க ஆரம்பித்துவிடுவான்.

இப்படிக்கு,
மிஹ்வாவின் அம்மா