ஒரே ஒரு பக்கக் கன்று

வைகாசி 9, வெள்ளி

காலையிலிருந்தே கொளுத்துகிற வெயில். பண்ருட்டியில் அலுவலக நண்பர் மகள் கல்யாணம். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் திரும்ப மூன்று மணி.

ஹால் மூலையில் லேடி பாம் என்கிற அலங்காரப் பனைத் தொட்டி. பக்கக் கன்றைக் காணோம். மண்ணில் விரல் அளவு குழி.

ஐந்து வருடம். முழங்காலுக்கு மேல் வளராத குட்டை ரகம், இலையில் வெள்ளைக் கோடு. வெயில் ஆகாது. போர் தண்ணீர் உப்பு என்று மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினேன். போன மாதம் தாய்ச்செடிக்கு அடித்தண்டு அழுகல், இனிப் பிழைக்காது. மிச்சம் இந்த ஒரே கன்று. வேர் விட்டதும் பிரிக்கலாம் என்று இருந்தேன்.

மனைவி செல்வி அடுப்படியிலிருந்தே: "எந்தம்பி வந்துருந்தான். அவந்தான் எடுத்துட்டுப் போனான். ஒரு குருத்துக்கா மூஞ்சியத் தூக்குறீங்க?"

ராத்திரி சாப்பிடவில்லை.

வைகாசி 10, சனி

சிதம்பரத்துக்கு, மச்சான் குமாருக்கு போன்.

"கேட்டு வாங்குனா செடி பொழைக்காது மாமா. திருடி வச்சாதான் வளரும். எங்கூட்டு மணி பிளாண்ட் அப்படி வச்சதுதான்."

"வேர் இருந்துச்சா மச்சான்?"

"யாரு பாத்தா? மொட்டை மாடில வச்சிருக்கேன். வெயில் நல்லா ஜாஸ்தி."

போனை வைத்துவிட்டேன். மடையன். பி.இ. படித்த மடையன்.

வாங்க வேண்டியது: தேங்காய் நார்த்தூள், பூஞ்சை மருந்து, பால்.

செல்வி: "ஆசைப்பட்டு எடுத்துருக்கான்." ஆசையாம். பற்றிக்கொண்டு வருகிறது.

வைகாசி 11, ஞாயிறு

காலை பஸ்ஸில் சிதம்பரம். குமார் கீரப்பாளையம் போயிருந்தான். அவன் பெண்டாட்டி காபி போட உள்ளே போனாள். நான் மாடிக்கு.

பெயிண்ட் டப்பாவில் நட்டிருக்கிறான், அடியில் ஓட்டைகூட இல்லை. இரண்டு இலை கருகல். மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வேர், நூல் மாதிரி. ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இறங்கி வந்து காபி குடித்தேன்.

"என்னண்ணே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?"

"வேலை இருக்கும்மா."

கடலூர் வரைக்கும் பை மடியில். வெட்கமே வரவில்லை. கோபமும் தீரவில்லை.

வைகாசி 13, செவ்வாய்

புழுக்கம். கன்று ஹால் மூலையில், நார்த்தூளில். நடுக்குருத்து இன்னும் பச்சை.

குமார் போன். "மாமா, மாடில இருந்த செடியக் காணோம். எவனோ திருடிட்டான்."

"அப்படியா? அப்ப வளரும்."